அதிபரின் சோர்வு யாருடைய கவலை?

பரீட்சைப் பெறுபேறு நன்றாக வந்தால் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம். குறைந்தால் அதிபரைத் தேடிப் போகிறோம். கம்பளையைச் சூழவுள்ள தோட்டப் பாடசாலைகளில் இது பழகிப்போன காட்சி. அந்த அதிபர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

தோட்ட நிர்வாகங்களின் கீழிருந்த பாடசாலைகளை 1977 முதல் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. வகுப்புகள் கூடின, பிள்ளைகள் கூடினர், அதிபரின் வேலையும் கூடியது. புசல்லாவை, தொலஸ்பாகைப் பக்கங்களில் மலைக்கு மேலேயுள்ள சிறிய பாடசாலைகளை நினைத்துப் பாருங்கள். எழுதுவினைஞரோ காவலாளியோ இல்லாத இடத்தில் அந்த வேலைகளும் அதிபருக்கே. ஆசிரியர் வராத வகுப்பை அவர் பார்க்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனை கேட்கும் படிவங்களை நிரப்ப வேண்டும். பாடநூல், சீருடைக் கணக்கு எழுத வேண்டும். பிள்ளை வராவிட்டால் லயத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியரை நியமிக்கவோ இடமாற்றவோ அவருக்கு அதிகாரமில்லை. பொறுப்பு மலையளவு, அதிகாரம் கையளவு. சோர்வு இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மேல் இடர்கள் வேறு. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் ஆசிரியர் வருவதே பெரும்பாடாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கம்பளைப் பகுதியை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தாக்கியது. ஒவ்வொரு தடவையும் விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்யும் பாரம் பாடசாலையின் தலையில்தான் விழுந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை ஒரு நோயாக அல்ல, தொழிலோடு தொடர்புடைய நிலையாக வகைப்படுத்தியது. நீண்டகாலம் தீராத வேலை அழுத்தமே காரணம் என்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: உடலும் மனமும் களைத்துப்போதல், வேலையில் பற்று விட்டு வெறுப்பு வளர்தல், செய்யும் வேலையில் திறன் குறைதல். ஆகவே ஒருவரைச் "சோம்பேறி", "கோபக்காரர்" என்று பெயர்சூட்டுமுன், அவர் சுமக்கும் வேலையைப் பார்ப்பது நியாயம்.

களைத்த அதிபர் இடமாற்றம் கேட்பார். அவர் போனால் அடுத்தவர் ஊரைப் பழகுவதற்கே ஒரு வருடம் செல்லும். நட்டம் பிள்ளைகளுக்கே. வசதியுள்ளவர்கள் பிள்ளையை நகரப் பாடசாலைக்கு அனுப்புவார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை அங்கேயே நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை சில:

1. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் திருத்த வேலை, சிரமதானம், தண்ணீர் வசதி ஆகியவற்றைத் தன் பொறுப்பாக எடுக்கலாம்.
2. பிள்ளைகளின் வரவை விசாரிக்கும் வேலையை ஒவ்வொரு லயத்திலும் ஒரு பெற்றோர் ஏற்கலாம்.
3. அயல் பாடசாலை அதிபர்கள் மாதம் ஒருமுறை கூடி, மனம்விட்டுப் பேசலாம். குறை கேட்க ஒருவர் இருப்பதே பாதிப் பாரத்தைக் குறைக்கும்.
4. எழுதுவினைஞர், ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பும்படி அதிபர் தனியே அலையாமல், பெற்றோர் கூட்டாக வலயப் பணிமனையிடம் எழுத்தில் கேட்கலாம்.
5. தூக்கமின்மை, விரக்தி நீடித்தால் வைத்தியரை நாட வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பெறுபேற்றைக் கேட்பதற்கு முன், "சேர், எந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டுப் பார்ப்போம்.