தலைப்புச் செய்தியில் ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து

டிக்கோயா எத்தனை எழுத்து? டி, க், கோ, யா. நாலு என்று முதலாம் ஆண்டுப் பிள்ளையும் விரல் விட்டுச் சொல்லும். கணினியைக் கேட்டால் எட்டு என்கிறது. பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து தினம் ஒரு சொல்லை எடுத்து, நம் பிள்ளைகள் கைபேசியில் ஊகித்து விளையாட ஒன்றைச் செய்வோம் என்று உட்கார்ந்தவன், முதல் நாளே இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

விளையாட்டு புதிதல்ல. ஜோஷ் வார்டில் என்பவர் 2021இல் வெளியிட்ட 'வேர்டில்'தான் மூலம். ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் அதை வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வேலை.

தமிழில் யுனிகோட் 'டி'யை 'ட' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக வைத்திருக்கிறது. புள்ளியும் தனிக்குறி. 'கோ'வின் குறியை ஒன்றாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் வரும் இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு அடிப்படை எழுத்தையும் அதைத் தொடரும் குறியையும் சேர்த்து ஒன்றெனக் கட்ட வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இந்த வேலையைச் செய்து தருகிறது. நிறத்திலும் ஒன்று கூட்டினேன்: விடை 'கோ' ஆக இருக்க 'கா' போட்டால், மெய் சரி, உயிர் பிழை என்று அரைப் பச்சை.

அடுத்தது சொற்கள். "மண்சரிவால் போக்குவரத்துப் பாதிப்பு" என்றொரு தலைப்பு வந்தால், வேற்றுமையைக் கழற்ற வேண்டும். 'போக்குவரத்துப்' என்பதில் ஒட்டிய 'ப்'பை வெட்ட வேண்டும். இதை முழுதாக இயந்திரத்திடம் விடாதீர்கள். கண்ணால் பாருங்கள்.

நமக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ரமழான், ரமலான், ரமளான். மூன்றும் அச்சில் வருகின்றன. "நானா, நான் எழுதினது பிழையா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? மூன்றையும் விடையாக ஏற்கும்படி எழுதிவிட்டேன்.

பழைய தலைப்புகளைத் திரட்டியபோது 2020, 2021இல் திரும்பத் திரும்ப வந்த சொல் 'ஜனாஸா'. கொவிட்டில் மௌத்தானவர்களைக் கட்டாயமாக எரித்த காலம். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கும்வரை அந்தச் சொல் தலைப்பை விட்டு இறங்கவில்லை. மூன்றெழுத்துத்தான், நிரலுக்கு அது இன்னொரு சொல். சாம்பல் நிறக் கட்டத்துக்குள் அதை வைத்து விளையாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலக்குப் பட்டியல் ஒன்று திறந்து அதை முதலில் போட்டேன். பிறகு 2014 மீரியபெத்தையை நினைத்து, ஐந்தெழுத்துக்கு அச்சொட்டாகப் பொருந்திய 'மண்சரிவு'ம் அங்கே போனது.

இப்போதைக்கு முதல் நாள் சொல் 'சம்பளம்'. அதுவும் ஐந்தெழுத்து. தோட்டத்துப் பிள்ளைகள் முதல் வாய்ப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் பயம்.