கிட் காரைப் பதிப்பதற்கு முன் அளக்க வேண்டியது

பிரிட்டனில் பாகங்களை வாங்கி, வீட்டுக் கராஜிலேயே கார் பூட்டுவது நீண்டகாலப் பழக்கம். 1957இல் கொலின் சப்மன் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் இவ்வகைக் கார்களில் பேர்பெற்றது. பாகங்களாக வாங்கினால் அன்றிருந்த கொள்வனவு வரி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். 1973 முதல் கேற்றர்ஹாம் நிறுவனம் அந்தக் காரைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு காரைப் பூட்டி முடித்தால், அது நிலத்தில் நின்ற அன்றே ஒரு பேச்சு வரும்: "அப்பா, இன்னும் கொஞ்சம் பதிச்சால் வடிவா இருக்கும்." ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் தட்டைக் கீழே சுற்றினால் கார் பதியும். வேலை சுலபம்தான். ஆனால் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் வேறோர் இடத்திலிருந்து எதையோ எடுக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது சொக் அப்சோபர். முழுதாக நீண்ட நிலைக்கும் முழுதாக அமர்ந்த நிலைக்கும் இடைப்பட்ட தூரமே சொக்கின் ஓட்டம். நீண்டால் 330 மி.மீ., அமர்ந்தால் 230 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஓட்டம் 100 மி.மீ. இதில் தண்டிலுள்ள தடுப்பு ரப்பர், நசுங்கிய பின்னும் 20 மி.மீ. இடத்தைப் பிடித்தால், மீதி 80.

கார் நிற்கும் உயரம் என்பது, இந்த 80 மி.மீ. ஓட்டத்தில் சொக்கை எந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறோம் என்பதுதான். சில்லு மேட்டில் ஏறும்போது சொக் அமர இடம் வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது நீளவும் இடம் வேண்டும். வீதியில் ஓடும் காருக்கு, மூன்றில் ஒரு பங்கை நீள்வதற்கும் மூன்றில் இரு பங்கை அமர்வதற்கும் விடுவது நல்ல தொடக்கம். எமது கணக்கில் நீள்வதற்கு ஏறத்தாழ 27, அமர்வதற்கு 53.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பக்கச் சொக் பெரும்பாலும் சாய்வாக, சில்லுக்கு உள்ளே தள்ளிப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு 10 மி.மீ. அசைந்தால் சொக் 7 மி.மீ. மட்டுமே அசையலாம். அப்படியானால் காரை 35 மி.மீ. பதித்தால் சொக்கில் சுமார் 25 மி.மீ. போய்விடும். அமர்வதற்கு இருந்த 53, 28 ஆகிவிடும்.

விளைவு வீதியில் தெரியும். இங்கிலாந்தில் வேகத்தடை 100 மி.மீ. உயரம் வரை இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பதித்த கார் அதில் ஏறும்போது சொக் ரப்பரில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் இல்லாதது போலத்தான். வளைவின் நடுவே இது நடந்தால் அந்தச் சில்லின் பிடி திடீரெனக் குறைந்து கார் வழுக்கும். எண்ணெய்த் தொட்டி நிலத்தில் உரசும் ஆபத்தும் உண்டு.

அதிகம் உயர்த்துவதும் பிழை. சொக் ஏற்கனவே நீண்டு நின்றால், பள்ளத்தில் சில்லு கீழே இறங்க வழியின்றி வீதியை விட்டு எழும்பும். தட்டை மேலே சுற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சொக் முழுதாக நீண்டு முட்டி நிற்காதவரை, சாதாரண ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. கார் மட்டுமே உயரும்.

அளப்பதற்கு முன் ஓட்டுநரை, அல்லது அவரது எடைக்குச் சமமான பாரத்தை, இருக்கையில் வையுங்கள். இவ்வகைக் கார்கள் பல 500 முதல் 600 கிலோ வரைதான் இருக்கும். 80 கிலோ மனிதர் ஏறினாலே உயரம் மாறும். ரயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் காரை முன்னும் பின்னும் உருட்டிய பின்பே அளக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் எடுக்கும் அளவு பொய் சொல்லும்.

பிறகு சொக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, அதைச் சொக்கின் உடலோடு ஒட்டி வையுங்கள். வழமையான வீதிகளில் ஓடிவிட்டு வந்து பாருங்கள். சொக் எவ்வளவு அமர்ந்தது என்பதை அது நின்ற இடம் காட்டும். சாதாரண ஓட்டத்திலேயே அது ரப்பர் வரை தள்ளப்பட்டிருந்தால், கார் அளவுக்கு மீறிப் பதிந்திருக்கிறது.

அதற்கு மேலும் பதிக்க ஆசை என்றால், தட்டைச் சுற்றாமல், நீளம் குறைந்த சொக்கையும் அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் போடுவதே முறை. உயரத்தை மாற்றிய பின் சில்லுகளின் கோணத்தையும் முன்விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

"பதிக்கக் கூடாது" என்று பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. அளவுநாடாவைக் கையில் கொடுத்து, "எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள். அந்தக் காரில் நாளை ஏறி ஓடப்போவது அவர்தானே.