தேடுபொறியில் சிறு கடை

வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகப் பொருள் விற்கும் தாய்மார்கள் இன்று நம் ஊர்களில் பெருகி வருகின்றனர். ஊறுகாய், பருத்திச் சேலை, பனையோலைப் பெட்டி, கோரைப்பாய் என ஒவ்வொருவரும் ஒன்றை விற்கின்றனர். தெருவில் கடை வைத்தவருக்குப் போவோர் வருவோர் கண்ணில் படும் வாய்ப்பாவது உண்டு. இணையத்தில் அத்தகைய தெரு இல்லை. வாங்க விரும்புகிறவர் கூகுள் போன்ற தேடுபொறியில் சில சொற்களை எழுதுகிறார்; திரையில் முதலில் தோன்றும் சில பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். அப்பட்டியலில் இல்லாத கடை, அவரைப் பொறுத்தமட்டில், மூடிய கடையே. விளம்பரத்திற்குக் கோடிக்கணக்கில் செலவிடும் பெருநிறுவனங்களுக்கு நடுவே ஒரு சிறு கடை அந்தப் பட்டியலில் ஏற முடியுமா? முடியும் என்றே கருதுகிறோம். ஆனால் எல்லாச் சொற்களுக்கும் அல்ல.

தேடுபொறி செய்யும் வேலை என்ன என்பதை முதலில் காண்போம். சில நூல்களின் இறுதியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு இருப்பதை மாணவியர் பார்த்திருப்பீர்கள். தேடுபொறியின் கணினிகளும் இணையப் பக்கங்களை ஓயாமல் படித்து அத்தகைய மாபெரும் சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கின்றன. நாம் ஒன்றைக் கேட்கும்போது அவை இந்த அடைவைத்தான் புரட்டுகின்றன. ஒரே சொல் இலட்சம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டிக்காட்டுகின்றன, சுட்டுகின்ற பக்கங்களின் மதிப்பு எத்தகையது என்று கணக்கிடுவதே அவ்வழி. 1998-இல் தோன்றிய கூகுள் நிறுவனத்திற்கு அதுவே அடித்தளம். பின்னர் வேறு பல அளவைகளும் சேர்ந்தன. பக்கம் விரைவாகத் திறக்கிறதா என்பதையும் 2010 முதல் பார்க்கின்றனர்; கைப்பேசித் தேடலில் 2018 முதல்.

இனி ஓர் உதாரணம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி நெய்யும் பாய்கள் புகழ்பெற்றவை. புவிசார் குறியீடும் பெற்றவை. அங்கு நெய்யும் பெண் ஒருவர் இணையத்தில் கடை திறந்து, பக்கத்தின் தலைப்பில் ‘பாய்’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? நெகிழிப் பாயும் யோகாசனப் பாயும் விற்கும் பெரிய கடைகளுக்குப் பின்னால் எங்கோ நிற்பார். அதே பெண் ‘மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய்’ என்று எழுதினால், போட்டியிடுவோர் ஒரு சிலரே. அச்சொற்களைத் தேடுவோரும் சிலர்தாம். எனினும் அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர், திருமணத்திற்கு நாள் குறித்துவிட்டு வாங்க வந்தவர்கள். நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு முன்னர் ஒருபோதும் கேட்கப்படாதவை என்று கூகுள் நிறுவனமே கூறியுள்ளது. மக்கள் அவ்வளவு விதவிதமாகக் கேட்கிறார்கள்! சிறு கடைக்கு இடம் கிடைப்பது இந்த விதவிதமான கேள்விகளில்தான்.

ஆகவே பொருளை அறிந்தவரே அதைப் பற்றி எழுத வேண்டும். கோரையை ஓடும் நீரில் ஏன் ஊறவைக்கிறார்கள், மெல்லிய பாயைத் துணிபோல் மடிக்கலாமா, ஈரம் பட்டால் என்ன செய்வது, நீளம் அகலம் எவ்வளவு என்பனவற்றைப் பெருங்கடையில் பட்டியல் தயாரிப்பவர் எழுதமாட்டார், அவருக்குத் தெரியாது. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் சிலர் இரண்டு ‘டி’ இட்டும், சிலர் ‘டி’யுடன் ‘எச்’ சேர்த்தும் எழுதுவதால், இரு வடிவமும் பக்கத்தில் இடம்பெறுதல் நலம். படங்கள் சொந்தமாக எடுத்தவையாக இருக்கட்டும். படத்தில் இருப்பது என்ன என்பதை அதனுடன் சொற்களாலும் குறிக்க வேண்டும்.

குறுக்கு வழி காட்டுவோரும் உண்டு. ‘பணம் கொடுங்கள், ஆயிரம் தளங்களிலிருந்து உங்கள் கடைக்குச் சுட்டிகள் வாங்கித் தருகிறோம், முதலிடம் நிச்சயம்’ என்பார்கள். இதன் முடிவை அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்பொருள் அங்காடியான ஜே. சி. பென்னியின் கதையில் காணலாம். 2010 கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில் உடை முதல் பயணப்பெட்டி வரை எதைத் தேடினாலும் அக்கடையே முன்னே நின்றது. சம்பந்தமே இல்லாத தளங்களில் விலைக்கு வாங்கி வைத்த சுட்டிகளே காரணம் என்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். கூகுள் தண்டித்ததில், பல சொற்களுக்கு முதலிடத்தில் இருந்த கடை பல பக்கங்கள் பின்னுக்குப் போயிற்று. மறு ஆண்டே இத்தகைய சுட்டிகளைக் கண்டு தள்ளும் ‘பெங்குவின்’ என்னும் கணிப்பு முறையையும் கூகுள் கொண்டுவந்தது. அத்தகைய அடியைப் பெருநிறுவனம் தாங்கிக்கொள்ளும். வீட்டுச் செலவுக்கே அந்த வருமானத்தை நம்பியிருக்கும் தாய் எப்படித் தாங்குவார்?

பட்டியலின் மேலே வரும் விளம்பரங்கள் வேறு வகை. அவை ஏலத்தில் பெறப்படும் இடங்கள்; விளம்பரத்திற்குப் பணம் தருவதால் சாதாரணப் பட்டியலில் இடம் உயராது. வாங்குவோர் நேரில் வரக்கூடிய கடையோ பட்டறையோ இருந்தால், கூகுள் நிலப்படத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம்; ‘அருகில்’ என்று தேடுவோருக்கு அது தென்படும். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைகளில் விற்பதில் பிழையில்லை. ஆயினும் அங்கே தரகும் உண்டு, வாடிக்கையாளரும் சந்தைக்கே சொந்தம். 2024 முதல் நம் நாட்டிலும் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடை பல தேடல்களில் முதலில் வந்து நிற்கிறது. சிலர் அதைப் படித்ததோடு போய்விடுகின்றனர். பாய் வாங்க வந்தவரோ எப்படியும் கடைக்குள் வந்துதானே ஆக வேண்டும்!

பொறுமையும் வேண்டும். புதிய பக்கம் மேலேறச் சில மாதங்கள் ஆகலாம். இதற்கிடையே கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கருவியைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டிலுள்ள மாணவியரே அம்மாவுக்கு இதை அமைத்துக் கொடுக்கலாம். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் கடை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதை அது காட்டும். ‘தொட்டிலுக்குச் சிறிய கோரைப்பாய்’ என்று எவரோ தேடியிருப்பது தெரிந்தால், அடுத்த பக்கத்தை அதைப் பற்றி எழுதலாம்.