பேய்ப் படமும் ஒரு டம்ளர் காபியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து, ஆவடி வீட்டுக்கு வரும்போது ராத்திரி மணி 11. சூடா ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, கூடவே ஒரு பேய்ப் படம். 'விடாது கருப்பு' சீரியல் காலத்திலேயே தொற்றிக்கொண்ட பழக்கம், விடச் சொன்னால் விடுவீர்களா என்ன? விட வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்களேன்!

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். 'போதும், படு' என்று சொல்வது அதுதான். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காபியிலுள்ள கஃபீன் சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. அதில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 11 மணிக்குக் குடித்ததில் பாதி, விடிகாலை 4 மணிக்கும் உள்ளேதான் இருக்கும்! (சிக்கரியில் கஃபீன் கிடையாது. அதனால் சிக்கரி அதிகமான பொடி கொஞ்சம் சாது.)

இதோடு பேயும் சேர்ந்தால்? 'யாவரும் நலம்' (2009) படத்தில் மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் நகராதபோதே நமக்குத் திக்கென்கிறது. அட்ரீனலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. கஃபீனும் அதே அட்ரீனலினைத்தான் தூண்டிவிடும். படம் முடிந்தும் படபடப்பு அடங்காமல், 'ஹார்ட் ப்ராப்ளமோ' என்று புரண்டு புரண்டு படுப்பது இதனால்தான்.

கடைசி காபியை மாலை 6 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும்; அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். படத்துக்குத் துணையாக வெதுவெதுப்பான பால் போதுமே!

காபியும் இல்லை, பேயும் இல்லை, அப்படியும் படபடக்கிறதா? மயக்கமோ நெஞ்சுவலியோ கூட இருக்கிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.