வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்!

மன்னார்குடியில் இருக்கும் என் அத்தைக்கு வயது 72. தனிக்கட்டை. கையில் பட்டன் வைத்த பழைய செல்போன். ஒண்ணாம் தேதி பென்ஷன் வரும். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் ரீசார்ஜ் செய்துகொண்டு, அப்படியே வெற்றிலை சீவலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். மாதம் ஒரு தடவை. கணக்கு சுத்தம்.

போன வருஷம் ஒரு 30ஆம் தேதி ராத்திரி கொல்லைப்புறம் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்காலில் எலும்பு முறிவு. எப்படியோ தவழ்ந்து கூடத்துக்கு வந்து எனக்கு போன் போட்டிருக்கிறார். போனில் நான் வரவில்லை. இனிமையான பெண் குரல் ஒன்று வந்தது. திட்டம் முடிந்துவிட்டதாம். உடனே ரீசார்ஜ் செய்யவேண்டுமாம். விடிகாலையில் பால்காரர் வந்து பார்க்கும்வரை அத்தை கூடத்துத் தரையிலேயே கிடந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"ஏண்டா, மாசமே முடியலையே... ரீசார்ஜ் மட்டும் எப்படிடா முடிஞ்சுபோச்சு?"

நான் பி.காம். முதல் வகுப்பு. ஆனாலும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

*

பதில் இதுதான். செல்போன் கம்பெனிகளின் காலண்டரில் பன்னிரண்டு மாதமும் பிப்ரவரி. அதுவும் லீப் வருஷம் கிடையாது. கவுண்டரில் 'மன்த்லி பேக்' என்று நாம் கேட்டு வாங்குவது 28 நாள் சரக்கு.

இரண்டு மூன்று நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்கிறீர்களா? 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். பதின்மூன்று வரும். மாதங்கள் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதின்மூன்று! 2024 ஜூலையில் ஜியோ விலை ஏற்றியபோது, தினம் ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 239லிருந்து 299 ரூபாய் ஆனது. அதை வைத்துக்கொண்டே கணக்குப் போடலாம். பன்னிரண்டு தடவை என்றால் 3,588. பதின்மூன்று தடவை என்றால் 3,887. வீட்டில் நாலு செல்போன் இருந்தால் வருஷத்துக்கு 1,196 ரூபாய் அதிகம். தீபாவளிக்கு ஒரு நல்ல சட்டை போச்சு.

'மூணு மாச பேக்' என்பதும் இதே ஜாதிதான். 84 நாள். நாலு தடவை போட்டால் 336 நாள் ஆகிறது. மிச்சம் 29 நாள் அம்போ!

உங்கள் ஆபீஸில் 28 நாளைக்கு ஒரு தடவை சம்பளம் தருவார்களா? மானேஜரிடம் கேட்டுப் பாருங்கள். (கேட்ட பிறகு என்ன ஆச்சு என்று எனக்குக் கடிதம் போடவேண்டாம்.)

இதைவிட வேடிக்கை அந்த 'தினம் ஒன்றரை ஜி.பி.' சமாசாரம். தீர்க்காவிட்டால் நள்ளிரவோடு காலி. மளிகைக் கடையில் வாங்கின அரிசியில் மிஞ்சினதை ராத்திரி 12 மணிக்குக் கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனால் சும்மா விடுவோமா? இங்கே விடுகிறோம்.

*

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம்? கொஞ்சம் பழைய கதை.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அது. அப்போது உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் சொச்சம். எதிராளி நம்மைக் கூப்பிட்டாலும் நமக்குத்தான் பில்! கடன்காரன் கூப்பிட்டுத் திட்டுவான், அதற்கும் காசு கொடுக்கவேண்டும். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டே கம்பெனிகள். இடுப்பில் செல்போன் செருகியிருந்தால் ஒன்று சினிமாக்காரர், இல்லையென்றால் ரியல் எஸ்டேட்.

பிறகு போட்டி வந்தது. விலை சரிந்தது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2009இல் டாடா டோகோமோ 'பேசின விநாடிக்கு மட்டும் காசு' என்று ஆரம்பிக்க, மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள். ஒரே மாநிலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நம் சட்டையைப் பிடித்து இழுத்த காலம் அது. சிம் கார்டை சும்மாவே கொடுத்தார்கள். பர்ஸில் பணம் இருக்கிறதோ இல்லையோ, மூன்று சிம் இருக்கும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. பேச்சும் டேட்டாவும் இலவசம் என்றார்கள். டிசம்பர் வரை என்று சொல்லி, அடுத்த மார்ச் வரை நீட்டினார்கள். நானும் விடிகாலையில் வரிசையில் நின்றவன்தான். அதற்கு முன் ஒரு ஜி.பி. டேட்டா 200 ரூபாய்க்கு மேல். அதை மாவடு மாதிரி மாதம் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தோம். அதனால் யாரும் 'இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?' என்று கேட்கவில்லை.

கொடுத்தது தோற்ற கம்பெனிகள். தமிழ்நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திடீரென்று ஊமையாகி, அந்த மாதக் கடைசியிலேயே திவால் மனுப் போட்டது. எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாக அலைந்தது நினைவிருக்கும். டாடாவும் டெலிநாரும் செல்போன் வியாபாரத்தை ஏர்டெல்லிடம் கொடுத்துவிட்டுப் போயின. வோடபோனும் ஐடியாவும் அதே 2018இல் ஒன்றாகின. மிச்சம் தனியாரில் மூன்று, அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல். ஒன்று.

அதற்கப்புறம் விலை ஏறியது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை. ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஏற்றினால் சில நாளிலேயே மற்ற இருவரும் ஏற்றினார்கள். இதை யாரும் ரகசியமாகப் பேசி வைத்துக்கொள்ளவேண்டிய அவசியமே இல்லை. தெருவில் மூன்றே ஓட்டல் இருந்தால், முதல் ஓட்டலின் போர்டைப் பார்த்து மற்ற இரண்டும் இட்லி விலையை மாற்றிக்கொள்ளும். வியாபாரம்.

அந்த 'இன்கமிங் இலவசம்' என்ன ஆச்சு தெரியுமா? 2018 கடைசியில் 'மினிமம் ரீசார்ஜ்' என்று ஒன்று வந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கொஞ்ச நாளில் வரும் அழைப்பும் நிற்கும். 2003இல் மேளதாளத்தோடு வந்த சலுகை, பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் போய்விட்டது.

*

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது? கட்சி பேதமில்லாமல் ஒன்று சொல்கிறேன். யார் நாற்காலியில் இருந்தாலும் பில் நம்மிடம்தான் வருகிறது.

2008இல் 122 லைசென்ஸ்களை 2001 விலைக்குக் கொடுத்தார்கள். தணிக்கை அதிகாரி 1,76,000 கோடி வரை நஷ்டம் என்றார். 2012இல் உச்ச நீதிமன்றம் அத்தனை லைசென்ஸையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. இடையில் ஏலம் வந்தது. ஏலத்தில் கோடிகோடியாகக் கொடுத்தவன் அதைப் பாட்டி சொத்திலிருந்தா எடுத்துக் கொடுப்பான்?

வருமானத்தில் அரசுக்குப் பங்கு என்பது 1999லிருந்து ஏற்பாடு. எது வருமானம் என்பதில் வருஷக்கணக்காக வழக்கு. 2019 அக்டோபரில் அரசு ஜெயித்தது. கட்டமுடியாமல் திணறிய வோடபோன் ஐடியாவின் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டதில், 2025இல் அரசாங்கமே அதில் ஏறக்குறைய 49 சதவீதப் பங்குதாரர். ஆக அலைக்கற்றையை விற்பவர், லைசென்ஸ் பணம் வாங்குபவர், ரீசார்ஜில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலிப்பவர், ஒரு கம்பெனிக்கு முதலாளி, இன்னொன்றில் பெரிய பங்காளி எல்லாம் ஒருவரே. அம்பயரே பேட்டையும் தூக்கிக்கொண்டு வந்தால் எல்.பி.டபிள்யூ. யார் கொடுப்பது?

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. டவருக்கும் கேபிளுக்கும் காசு வேண்டும். டேட்டா இன்றைக்கும் 2016க்கு முன்பு இருந்ததைவிட மலிவு. ஒத்துக்கொள்கிறேன். விலையை ஏற்றுங்கள். ஆனால் மாதம் என்றால் மாதமாக இருக்கட்டும். தராசில் எடை குறைந்தால் தொழிலாளர் துறை கேஸ் போடுகிறது. காலண்டரில் குறைந்தால்?

*

புலம்பிக்கொண்டே இருந்தால் போதாது. சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

ஒன்று: விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 299 என்றால் நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. இதை வைத்துத்தான் இரண்டு திட்டங்களை ஒப்பிடவேண்டும்.

இரண்டு: 2022 ஜனவரியில் டிராய் போட்ட உத்தரவுப்படி, 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் எல்லாக் கம்பெனிகளும் வைத்திருக்கவேண்டும். போஸ்டரில் தேடினால் கிடைக்காது. வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்று: பட்டன் போன் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு டேட்டா எதற்கு? 2024 டிசம்பரில் டிராய் சொன்னதன் பேரில், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் 2025 ஜனவரியில் வந்தன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு: பிடிக்கவில்லையா, மாறுங்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் பி.எஸ்.என்.எல். பக்கம் போனார்கள். கம்பெனிக்குப் புரிகிற ஒரே பாஷை அதுதான்.

ஐந்து: திட்டம் முடிந்தாலும் 112 எண்ணுக்குப் போன் போகும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லிவைத்துவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டவன்.

அத்தை இப்போது குச்சி வைத்துக்கொண்டு நடக்கிறார். சுவரில் தினசரி காலண்டர் பக்கத்தில் கரிக்கோடு போட்டு நாள் எண்ணுகிறார். இருபத்தேழு கோடு ஆனதும் கடைக்குக் கிளம்பிவிடுவார். போன வாரம் போயிருந்தபோது சொன்னார்:

"கம்பெனிக்காரன் மாசத்தைச் சுருக்கிட்டான்டா. பென்ஷனையும் அதே மாதிரி சுருக்கி, இருபத்தெட்டு நாளைக்கு ஒருதரம் குடுக்கச் சொல்லேன்!"

யாரிடம் சொல்ல?