பத்துக்குப் பத்து அடியில் ஒரு பதிப்பகத்தின் ஆண்டு

தமிழ்ப் பதிப்புத் தொழில் மிகப் பெரும்பாலும் குறுந்தொழிலே. ஒருவரோ இருவரோ சேர்ந்து, வீட்டின் முன்னறையையோ வாடகைக்கு எடுத்த சிறு கிடங்கையோ அலுவலகமாக வைத்துக்கொண்டு, தட்டச்சு, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு, அச்சு, நூற்கட்டு ஆகிய வேலைகளை வெளியே கொடுத்து வாங்கி, ஆண்டுக்குச் சில பத்துத் தலைப்புகளைக் கொண்டுவருவதே அதன் வழக்கமான உருவம். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் வரையறைப்படி, இயந்திரத் தளவாடங்களில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மிகாத முதலீடும், பத்துக் கோடி ரூபாய்க்கு மிகாத ஆண்டு விற்றுமுதலும் உடையது ‘குறு நிறுவனம்’ ஆகும். அந்த உச்சவரம்பை நெருங்கும் தமிழ்ப் பதிப்பகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தகைய தொழிலுக்கு உள்ளூர்க் கண்காட்சி ஒன்று உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஆராய, ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டி நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியைவிடத் தகுந்த சான்று கிடைப்பது அரிது. வாசகர் அதனைப் பண்பாட்டு விழாவாகக் காண்கிறார். சிறு பதிப்பாளரோ தம் ஆண்டுக் கணக்கையே அதனை வைத்துத்தான் போடுகிறார்.

1976இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம், சுருக்கமாகப் பபாசி, 1977 டிசம்பரில் அண்ணா சாலையில் உள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் முதல் காட்சியை 22 அரங்குகளுடன் நடத்தியது. அவற்றில் ஆங்கில நூல்களை விற்றவையே மிகுதி. பின்னர் பல ஆண்டுகள் காயிதே மில்லத் மகளிர் கல்லூரியிலும், அதன்பின் பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரே உள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளியிலும் இடம்பெற்று, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் ஏறத்தாழ 900 அரங்குகளாக விரிந்து நிற்கிறது. இந்த வளர்ச்சியில் கவனிக்கத்தக்கது எண்ணிக்கை அன்று. விற்பவர்களே கூடிச் சங்கம் அமைத்து, இடத்தை வாடகைக்குப் பிடித்து, பந்தல் போட்டு, அரங்கு வாடகையிலிருந்தும் நுழைவுச்சீட்டிலிருந்தும் செலவை ஈடுகட்டி, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அதனை நடத்திவந்துள்ளனர் என்பதே. தொழில்முனைவோருக்கான விழாக்களை அரசோ பெருநிறுவனமோ வந்துதான் நடத்தித் தர வேண்டும் என்று எண்ணப்படும் இக்காலத்தில், இதனைச் சற்று அழுத்திச் சொல்வது தகும்.

பதிப்பாளருக்கு இக்காட்சி இன்றியமையாததாக ஆனதற்குக் காரணம் எஞ்சிய பதினொரு மாதங்களின் நிலைமையே. தமிழகத்தின் பல நகரங்களில் பாடநூல், நோட்டுப் புத்தகம் தவிரப் பொது நூல்களை அடுக்கி வைத்து விற்கும் கடை ஒன்றுகூடக் காணப்படுவதில்லை. இருக்கும் கடைகளும் நூல்களை விலைக்கு வாங்குவது குறைவு. ‘கன்சைன்மென்ட்’ எனப்படும் பொறுப்பு முறையில், விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்புதல் என்ற ஏற்பாட்டில்தான் பெரும்பாலும் பெற்றுக்கொள்கின்றன. கடைக்குரிய பங்கு ‘கழிவு’ எனப்படும். அது நூல் விலையில் முப்பது முதல் நாற்பது சதவீதம் வரை செல்வதுண்டு. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருப்பினும், பொறுப்பில் வைத்த நூல் விற்கும்வரை விற்பனையாகவே கருதப்படுவதில்லை என்பதால், அந்தக் கெடுவைக் காட்டிப் பணம் கேட்கும் வழி சிறு பதிப்பாளருக்கு எளிதில் திறப்பதில்லை. அவ்வாறு கேட்டு, மாநிலத்தில் எஞ்சியுள்ள நல்ல கடைகளில் ஒன்றைப் பகைத்துக்கொள்ளும் துணிவும் பலருக்கு வராது.

எடுத்துக்காட்டாக 200 ரூபாய் விலையுள்ள ஒரு நூலைக் கொள்ளலாம். நாற்பது சதவீதக் கழிவில் கடை வழியாக விற்றால், பதிப்பாளருக்கு 120 ரூபாய், பல மாதங்கள் கழித்து வந்து சேரும். காட்சியில் வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடி போக 180 ரூபாய் அன்று மாலையே கைக்கு வருகிறது; ஆக, ஒரு பிரதிக்கு 60 ரூபாய் கூடுதல். ஆனால் பத்துக்குப் பத்து அடி அரங்கின் வாடகை, அடுக்குகள், விற்பனை உதவியாளர்களின் சம்பளம், வெளியூர்க்காரரானால் தங்கும் செலவு, லாரி வாடகை ஆகியவை சேர்ந்து 60,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொண்டால், முதல் 1,000 பிரதிகளில் கிடைக்கும் கூடுதல் வரவு முழுவதும் அந்தச் செலவுக்கே போய்விடும். இவ்வாறு பார்க்கும்போது காட்சி பெரும் இலாபம் தருவதன்று என்று தோன்றக்கூடும். இக்கணக்கு ஒன்றைக் கருதாமல் விடுகிறது: அந்த ஆயிரம் பிரதிகள் கடைகளில் இருந்திருந்தால் விற்றிருக்குமா என்பது. பெரும்பாலான சிறு பதிப்பகங்களின் நூல்களைப் பொறுத்தவரை, விற்றிருக்காது. மேலும் வட்டியின்றி, பிணையமின்றி, ஒரே பருவத்தில் கைக்கு வரும் ரொக்கம் அச்சகத்தின் கடனை அடைக்கவும், அடுத்த நூலுக்குத் தாள் வாங்கவும், எழுத்தாளருக்குரிய உரிமத்தொகையைக் கொடுக்கவும் பயன்படுகிறது. உண்மையில் காட்சி சிறு பதிப்பாளருக்கு விற்பனைக் களமாக இருப்பதைக் காட்டிலும் நடைமுறை மூலதனம் தரும் இடமாகவே இருக்கிறது; நடைமுறை மூலதனம் என்பது அன்றாடச் செலவுகளுக்காகத் தொழிலில் சுழன்றுகொண்டிருக்க வேண்டிய பணம். வங்கிகள் விற்காத நூல்களைப் பிணையமாக ஏற்கத் தயங்கும் நிலையில், இந்தப் பணிக்கு வேறு மாற்று இல்லை.

பணத்துக்கு அடுத்தபடியாகக் காட்சி தருவது தகவல். குறிப்பிடத்தக்க தமிழ்ப் பதிப்பகங்கள் பல சென்னையில் இல்லை. காலச்சுவடு நாகர்கோவிலிலும், எதிர் வெளியீடு பொள்ளாச்சியிலும், விடியல் கோவையிலும், வம்சி திருவண்ணாமலையிலும், அடையாளம் திருச்சி மாவட்டத்துப் புத்தாநத்தத்திலும் இருந்து இயங்கிவருகின்றன. இத்தகைய ஊர்களிலிருந்து வருவோர், வாசகர் எந்த நூலைக் கையில் எடுக்கிறார், எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார், விலையைப் பார்த்ததும் எதனைத் திரும்ப வைக்கிறார் என்பதை நேரில் காண்பது ஆண்டில் இந்தச் சில நாள்களில்தான். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து விடுமுறைக்கு வரும் தமிழர்கள், கல்லூரி நூலகங்களுக்குக் கொள்முதல் செய்வோர், கையெழுத்துப் படியுடன் பதிப்பகம் தேடும் புதிய எழுத்தாளர்கள் ஆகிய அனைவரும் ஒரே இடத்தில் கூடுவதும் அப்போதே. தனி அரங்கு எடுக்க இயலாத பதிப்பாளர், தம் நூல்களை நண்பர் ஒருவரின் அரங்கில் ஓர் அடுக்கில் வைத்து விற்றுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் முன்னிலைப்படுத்தப்படாத இந்த ஏற்பாடு, புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு முதல் படியாக அமைகிறது.

இந்த நன்மைகளுக்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது. ஒரே பருவத்தை நம்பிய தொழில் ஒரே பருவத்தில்தான் உற்பத்தியும் செய்யும். ஆண்டு முழுவதற்குமான தமிழ்ப் புதிய நூல்களில் பெரும்பகுதி டிசம்பர், ஜனவரி மாதங்களில் குவிகிறது; அச்சகங்கள் இரவு பகலாக ஓடுகின்றன; மெய்ப்புப் பார்ப்பவர் மூன்று வாரத்தில் செய்ய வேண்டியதை மூன்று நாளில் முடித்துத் தருகிறார்; பைண்டிங் காயாத பிரதி அரங்குக்கு வந்து சேர்கிறது. செம்மையாக்கம் என்ற கலை தமிழில் வேரூன்றாததற்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு; ஜனவரிக் கெடுவும் அவற்றில் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டியதே. ஒரே வாரத்தில் வெளிவரும் நூற்றுக்கணக்கான நூல்களுக்கு மதிப்புரை எழுதவும், அவற்றைப் பற்றிப் பேசவும் ஆளில்லாததால், பிப்ரவரியில் அவற்றில் பல பழைய நூல்களாகிவிடுகின்றன.

தொழில்நுட்பம் இந்த அழுத்தத்தைக் குறைத்திருக்க வேண்டும். ஓரளவு குறைத்தும் இருக்கிறது. ஆஃப்செட் முறையில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிட்டால்தான் ஒரு பிரதிக்கான செலவு கட்டுப்படியாகும் என்றிருந்த நிலை மாறி, தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறையில் நூறு, இருநூறு பிரதிகளோடு ஒரு நூலைத் தொடங்க இயலுகிறது. அவை தீர்ந்தால் அடுத்த நூறு. கிடங்கில் பணம் முடங்குவது இதனால் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. ஆயினும் பிரதி ஒன்றுக்கான அடக்கவிலை கூடுவதால், கடைக்கு நாற்பது சதவீதம் கொடுத்து விற்பது முன்னிலும் கடினமாகி, நேரடி விற்பனைக்கு இடம்தரும் காட்சியின் மீதான சார்பு கூடவே செய்திருக்கிறது. வரியும் இதில் தன் பங்கை ஆற்றுகிறது. அச்சிட்ட நூலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை; தாளுக்கு உண்டு. விற்பனையில் வரி இல்லாததால், வாங்கும்போது செலுத்திய வரியை ஈடுகட்டிக்கொள்ளும் ‘உள்ளீட்டு வரி வரவு’ பதிப்பாளருக்குக் கிடையாது. ஆகவே 2025 செப்டம்பரில் அச்சுத்தாளின் வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானபோது, அந்த உயர்வு அப்படியே நூலின் அடக்கவிலையில் ஏறிக்கொண்டது.

ஒரே நிகழ்வை நம்பியிருப்பதன் ஆபத்து கடந்த பத்தாண்டுகளில் பலமுறை வெளிப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிடங்குகளில் இருந்த நூல்களைப் பலர் இழந்ததோடு, 2016 ஜனவரியில் நடந்திருக்க வேண்டிய காட்சி ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போய்த் தீவுத்திடலில் நடைபெற்றது. அதே ஆண்டு நவம்பரில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டதன் பின்வந்த காட்சியில், வாசகரிடம் சில்லறை இல்லை, சிறு அரங்குகளிடம் அட்டை தேய்க்கும் கருவி இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் பொங்கல் பருவம் தவறி பிப்ரவரியில்தான் காட்சி தொடங்கியது. இவற்றில் எந்த ஒன்றும் பெரிய பதிப்பகத்தை வீழ்த்திவிடவில்லை. அச்சகத்துக்குப் ‘பொங்கல் கழிந்து தருகிறேன்’ என்று வாக்களித்திருந்தவரின் நிலைமை வேறு. இன்று கைப்பேசியில் ‘கியூ.ஆர்.’ எனப்படும் விரைவுக் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் வழக்கம் பரவியபின், அட்டைக் கருவி வைத்திருக்கும் பெரிய அரங்குக்கும் இல்லாத சிறிய அரங்குக்கும் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பது சிறியவர்களுக்குக் கிடைத்த ஆதாயம்.

ஒரு பருவத்தை நம்பியிருப்பதற்கு மாற்றாகவே மாவட்டக் காட்சிகள் பார்க்கப்படுகின்றன. நெய்வேலியில் 1998 முதல் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் முயற்சியாலும், ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவையின் முயற்சியாலும் நடைபெற்றுவரும் புத்தகத் திருவிழாக்கள் இதற்கு வழிகாட்டின. ஈரோட்டில் மாணவர்கள் உண்டியலில் காசு சேர்த்து வந்து நூல் வாங்கும் பழக்கத்தை அமைப்பாளர்கள் ஆண்டு முழுவதும் பள்ளிகள் வழியே வளர்த்தனர்; விழா தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே விற்பனைக்கான அடித்தளம் அவ்வாறு இடப்பட்டுவிடுகிறது. 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி நடத்த முடிவு செய்தபின், எண்ணிக்கை பெருகியது. எண்ணிக்கை பெருகியதை விற்பனை பெருகியதாகக் கொள்ள இயலாது. மாலையில் பட்டிமன்றத்துக்கும் புகழ்பெற்ற பேச்சாளருக்கும் திரளும் கூட்டம், பேச்சு முடிந்ததும் சிற்றுண்டிக் கடைகளைச் சுற்றிக் கலைந்துவிடும் திடல்களில், எத்தனை ஆயிரம் பேர் வந்தனர் என்ற கணக்கு பதிப்பாளருக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. ஆசிரியர்களையும் உள்ளூர் நூலகங்களையும் வாசகர் வட்டங்களையும் முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட ஊர்களில் நிலைமை வேறு; ஈரோட்டை மேடையிலும் மின்விளக்கிலும் பின்பற்றிவிட்டு, உண்டியலை விட்டுவிட்டால் பயன் இல்லை.

அரசு நூலகங்களுக்கான கொள்முதலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்கீழ், சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியிலிருந்து நூல்கள் வாங்கப்படுகின்றன. நூலின் விலையை வைத்து அல்லாமல், பதினாறு பக்கங்கள் கொண்ட அச்சு அலகான ‘பாரம்’ ஒன்றுக்கு இவ்வளவு என்ற வீதத்தில் தொகை கணக்கிடப்படுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. நூலக ஆணை உரிய காலத்தில் கிடைத்தால் ஒரு சிறு பதிப்பாளருக்குக் காட்சியைவிடப் பெரிய துணை அதுவே. அது தாமதமாகும் ஆண்டுகளில் காட்சியின் சுமை இரட்டிப்பாகிறது. 2023 முதல் அரசு நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, நூலை விற்பதன்றி அதன் மொழிபெயர்ப்பு உரிமையை விற்கும் சந்தை. அங்கு இடம்பெற ஆங்கிலத்தில் நூற்சுருக்கமும் தெளிவான எழுத்தாளர் ஒப்பந்தமும் தேவைப்படுவதால், வாய்மொழி உடன்பாட்டில் இயங்கிவந்த சிறு பதிப்பகங்கள் சிலவும் ஒப்பந்தங்களை எழுதத் தொடங்கியிருப்பின், அதுவே அதன் முதல் பயனாகும்.

மாவட்டக் காட்சிகளைப் பொறுத்தவரை, பெருஞ்செலவு இன்றி உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரு மாவட்டங்களின் காட்சிகள் ஒரே நாள்களில் அமைந்தால், இரண்டு வண்டியும் நான்கு விற்பனையாளரும் உள்ள பெரிய பதிப்பகம் இரண்டிலும் அரங்கு எடுக்கும். ஒரே ஆள் நடத்தும் பதிப்பகம் ஒன்றைக் கைவிட நேரும். ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையை வெளியிட்டு, அடுத்தடுத்த மாவட்டங்களின் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தினால், விற்காத நூல்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி ஏற்றிச் செல்லும் லாரிக்கூலி மிஞ்சும். அந்தக் கூலியிலேயே ஒரு சிறு நூலின் அட்டை அச்சுச் செலவு அடங்கிவிடும்.