போர்க்கள ஆய்வில் பழைய ஒளிப்படங்களும் உலோகம் கண்டறியும் கருவியும்

திறவுச்சொற்கள்: போர்க்களத் தொல்லியல், ஒளிப்படச் சான்று, படக்குறிப்பு, கெட்டிஸ்பர்க், லிட்டில் பிக்ஹார்ன்

முன்னுரை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நிகழ்ந்த போர்கள் பலவற்றிற்கு ஒளிப்படச் சான்றுகள் உள்ளன. அக்களங்களில் உலோகப் பொருள்களைத் தேடுவோர், எவ்விடத்தில் தேடுவது என்னும் வினாவிற்கு விடைகாண இப்படங்களை நாடுகின்றனர். ஆயின், அவற்றுள் பெரும்பாலானவை போர் முடிந்தபின் எடுக்கப்பட்டவை. போரின் எச்சத்தைக் காட்டுவனவேயன்றிப் போரின் போக்கைக் காட்டுவன அல்ல. ஆகவே, படத்தையும் நிலத்தையும் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்த்தல் இன்றியமையாதது என்பதை அமெரிக்கப் போர்க்களங்கள் இரண்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

படம் எடுக்கப்பட்ட இடத்தை அறிதல்

மரமும் வேலியும் காலப்போக்கில் மாறுவன. பாறையும் மலைமுகடும் பெரிதும் மாறாதன. அருகிலுள்ள பாறையின் விளிம்பும் தொலைவிலுள்ள முகடும் படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்பட அமைந்திருப்பின், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின் நீட்சியிலேயே ஒளிப்படக் கருவி நின்றிருக்க வேண்டும். இத்தகைய இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி, கருவி நின்ற இடத்தைத் தரும். டாகுரோடைப், டின்டைப் வகைப் படங்களில் இடமும் வலமும் மாறித் தோன்றுவதால், படத்தின் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

கெட்டிஸ்பர்க்: படக்குறிப்பின் பிழை

பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை உள்நாட்டுப் போரின் பெருஞ்சமர் நடைபெற்றது. சில நாள்களுக்குள் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழுவினர் அங்குச் சென்று இறந்த வீரர்களைப் படமெடுத்தனர். இப்படங்களை நிலத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்த வில்லியம் ஃபிரசானிட்டோ, 1975இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பாறைகளுக்கிடையே மறைந்திருந்து சுட்ட தென்தரப்பு வீரனாகக் காட்டப்பட்ட உடல், படத்திற்காக வேறோரிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டதென அவர் நிறுவினார். கார்ட்னரின் 1866ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஒரே உடல்களை இரு கோணங்களில் காட்டும் படங்களுள் ஒன்று தென்தரப்பினர் என்றும், மற்றொன்று வடதரப்பினர் என்றும் குறிப்புப் பெற்றுள்ளன. பின்னதன் தலைப்பு, தளபதி ரெய்னால்ட்ஸ் வீழ்ந்த களம் என இடத்தையும் சுட்டுகிறது. இக்குறிப்பை மட்டும் நம்பித் தேடுவோர் பிழையான நிலத்தைத் தேட நேரிடும்.

லிட்டில் பிக்ஹார்ன்: நிலம் தந்த திருத்தம்

கெட்டிஸ்பர்க்கில் படத்தை நிலம் திருத்தியது போலவே, மொன்டானா மாநிலத்தின் லிட்டில் பிக்ஹார்னில் நிலத்தின் மேலுள்ள நினைவுக் கற்களை நிலத்தின் அடியிலிருந்து கிடைத்த சான்று திருத்தியது. 1876 ஜூன் 25, 26 ஆகிய நாள்களில் லக்கோட்டா, செயென் வீரர்கள் அங்குக் கஸ்டரின் படையை வென்றனர். 1877இல் ஜான் ஃபவுச்சும் 1879இல் ஸ்டான்லி மாரோவும் அக்களத்தைப் படமெடுத்தனர். 1890இல் படைவீரர் வீழ்ந்த இடங்களைக் குறிக்கப் பளிங்குக் கற்கள் நடப்பட்டன; அவற்றின் தொகை அங்கு இறந்தோரின் தொகையினும் மிகுதி.

1983 ஆகஸ்ட் மாதத்தில் தீ பரவிப் புல்வெளி எரிந்தது. வெறுமையான அந்நிலத்தில் 1984, 1985ஆம் ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் கள ஆய்வு மேற்கொண்டனர். தன்னார்வலர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளுடன் வரிசையாக நடந்தனர். ஒலி எழுந்த இடந்தோறும் கொடி நடப்பட்டது. பொருளின் இடம் அளந்து பதியப்பட்டது. துப்பாக்கியின் ஊசி தோட்டா உறையில் பதிக்கும் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். ஆகவே, ஒரே தடமுடைய உறைகள் இரு இடங்களில் கிடைப்பின் அத்துப்பாக்கி இடம்பெயர்ந்தமை புலனாகும். தொல்குடி வீரர்களிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் பல இருந்தமையும் இவ்வாறு உறுதிப்பட்டது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட அவர்தம் வாய்மொழிச் சான்றுகளும் மதிப்புப் பெற்றன. இணையாக நின்ற கற்கள் சிலவற்றின் அடியில் ஒருவரின் எச்சமே இருந்தமை அகழாய்வில் தெரியவந்தது.

இம்முடிவுகள் யாவும் பொருளால் அன்றி, பொருள் கிடந்த இடத்தால் விளைந்தவை. அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் உரிமம் பெறாது தொல்பொருள் அகழ்வதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்வதன் தேவையும் இதனாலேயே விளங்கும். இடம் பதியாமல் எடுக்கப்பட்ட தோட்டா உறை வெறும் உலோகத் துண்டாகிவிடும்.

முடிவுரை

பழைய ஒளிப்படம் தேடுதற்குரிய இடத்தைக் குறிக்கும் தொடக்கச் சான்று. முடிவுச் சான்று அன்று. படக்குறிப்பைப் படத்திலிருந்து பிரித்து ஆராய்தல், மாறா நிலக்கூறுகளால் இடத்தை உறுதிசெய்தல், கிடைக்கும் பொருளின் இடத்தைப் பதிதல் ஆகிய மூன்றும் நிறைவுறும்போதே அது வரலாற்றுச் சான்றாகப் பயன்படும். படத்தை மீண்டும் மீண்டும் ஆராயலாம். கலைக்கப்பட்ட நிலத்தை அவ்வாறு ஆராய இயலாது.